எந்த இழுப்பு? குழந்தை டாக்டர்களுக்கு ஊர் சொல்லித்தரும் பாடம்

"டாக்டர், பிள்ளைக்கு ராத்திரி பூரா இழுப்பு!" என்று ஒரு தாய் சொல்கிறாள். எதிரே இருக்கும் இளம் டாக்டர் என்ன புரிந்துகொள்ள வேண்டும்?

நம் ஊர்ப் பேச்சில் இழுப்பு என்றால் இரண்டு அர்த்தம். மூச்சு இழுத்து இழுத்து விடுகிற வீசிங்கும் இழுப்புதான். கைகால் வெட்டி, கண் சொருகுகிற வலிப்பும் இழுப்புதான். முதலாவது நுரையீரல் சமாசாரம். இரண்டாவது மூளை சமாசாரம். இரண்டுக்கும் மருந்து வேறு, அவசரம் வேறு. "எந்த இழுப்பும்மா? மூச்சா, கைகாலா? எப்படி இருந்துச்சுன்னு செஞ்சு காட்டுங்க" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். விஷயம் விளங்கிவிடும். அந்தக் கேள்வி கேட்கப்படாவிட்டால் வலிப்பு வந்த குழந்தை சளி மருந்தோடு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

பெரிய பெரிய பாடப் புத்தகங்களில் இந்தக் கேள்வி இருக்காது. ஊரில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். குழந்தை நல டாக்டர்களை ஊருக்குள் அனுப்பிப் பயிற்சி கொடுப்பது ஏன் அவசியம், அந்தப் பயிற்சியில் பெற்றோராகிய உங்கள் பங்கு என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். 'சித்த மருத்துவருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. குழந்தை டாக்டரிடம் சொல்லத் தயங்குகிற பல விஷயங்களை எங்களைப் போன்றவர்களிடம்தான் தாய்மார்கள் சொல்கிறார்கள்.

யார் இந்தப் பயிற்சி டாக்டர்?

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருஷம். அதன்பின் ஒரு வருஷம் பயிற்சி. பிறகு குழந்தை மருத்துவத்தில் எம்.டி. சேர்ந்தால் மேலும் 3 வருஷம். இந்த 3 வருஷமும் ஆஸ்பத்திரியே கதி என்று கிடப்பதால் இவர்களை 'ரெசிடென்ட்' டாக்டர் என்கிறார்கள். வார்டில் ராத்திரி பகல் பாராமல் உங்கள் குழந்தைக்கு ஊசி போட்டு, ஊசி போட்ட கையோடு உங்களுக்கும் ஆறுதல் சொல்லும் இளைஞர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

இவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இல்லை. அரசுக் கல்லூரிகளில் பட்டமேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. ஆகவே ராஜஸ்தானிலிருந்தும் வருவார்கள், கேரளாவிலிருந்தும் வருவார்கள். "வலிக்குதா?", "சாப்பிட்டுச்சா?" என்று நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு வார்டில் நிற்பார்கள். எதைக் கேட்டாலும் நம் தாய்மார்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். நமக்கு அது 'சரி'. வெளியூர்க்காரருக்கு அது 'இல்லை' போலத் தெரியும். இங்கேயே குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது!

பெரிய ஆஸ்பத்திரியில் இவர்கள் பார்ப்பதெல்லாம் முற்றிப்போன நோய்கள். இருதயத்தில் ஓட்டை, ரத்தப் புற்று, வென்டிலேட்டரில் கிடக்கும் குழந்தை. இவையும் கற்க வேண்டியவைதான். ஆனால் ஊரில் நூறு குழந்தைகள் வந்தால் அதில் முக்கால்வாசி இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை. இவற்றில் எது தானாக ஆறும், எது இரவுக்குள் ஆபத்தாகும் என்று பிரித்துச் சொல்வதே ஆரம்ப சுகாதார மருத்துவம். கேட்க சாதாரணமாகத் தெரியும். செய்வது கஷ்டம்.

இந்தக் குறையைப் போக்கத்தான் 2020-ல் ஒரு விதி வந்தது. பட்டமேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் 3 மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் வேலை பார்த்தாக வேண்டும். இதற்கு மாவட்ட உறைவிடப் பயிற்சி என்று பெயர். அதற்கு முன்பே, 2019-ல், எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியோடு எப்படிப் பேசுவது, எப்படி மரியாதையாக நடந்துகொள்வது என்பதைத் தனிப் பாடமாகவே சேர்த்தார்கள். கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துக்கொண்டு படிப்புக் காலம் முழுக்க அவர்களைப் பின்தொடர வேண்டும் என்ற திட்டமும் 2021-22 மாணவர்களிலிருந்து தொடங்கியது.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் மாவட்ட மருத்துவமனைக்குப் போன டாக்டர் அங்கேயும் நாலு சுவருக்குள் உட்கார்ந்து ஓ.பி. சீட்டு எழுதிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

ஏன் பெரம்பலூர், ஏன் அரியலூர்?

திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்து, மறு வருஷமே மீண்டும் சேர்ந்து, 2007-ல் திரும்பவும் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆகவே குழந்தைக்கு நோய் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறிய காலம் மாறி வருகிறது.

இந்த இரண்டு மாவட்டங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தாலே எத்தனை விதமான குடும்பங்கள் என்று தெரியும். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கம் முந்திரிக் காடு. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும். மேற்கே பச்சைமலையில் பழங்குடி மக்கள். நரிக்குறவர் குடியிருப்புகளில் வீட்டுக்குள் பேசுவது வாக்ரி போலி என்ற வேறு மொழி. வேலைக்கென்று வந்து தங்கிய வடமாநிலக் குடும்பங்களுக்கோ தமிழே புதுசு.

மொழி ஒன்றாக இருந்தாலும் சங்கடம் தீர்ந்துவிடாது. சென்னையில் பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்த தமிழ் டாக்டருக்கும், வேப்பந்தட்டைப் பக்கத்து அப்பாயிக்கும் நடுவே இருக்கிற தூரம் சாதாரணத் தூரம் இல்லை. கலாசாரம் கடந்த பேச்சு என்று புத்தகத்தில் சொல்வது வெளிநாட்டுக்காரரோடு பேசுவதற்கு மட்டும் இல்லை. நம் ஊருக்குள்ளேயே அது தேவைப்படுகிறது.

இன்னொன்று. காட்டு வேலைக்கு அம்மா காலையிலேயே போய்விடுவாள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவது அப்பாயியோ அம்மாயியோதான். டாக்டர் சொன்ன யோசனை அவர்களிடம்தான் போய்ச் சேருகிறது. ராத்திரி மருந்து கொடுப்பதோ அம்மா. நடுவில் பாதி விஷயம் காணாமல் போய்விடும். இதைத் தெரிந்த டாக்டர் சீட்டில் எழுதுவதோடு நிறுத்த மாட்டார். "ராத்திரி யாரு மருந்து குடுப்பாங்க?" என்று கேட்பார்.

டாக்டர் படிக்க வேண்டிய ஊர் அகராதி

எங்கள் சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்று தனி நூல் உண்டு. அதில் வரும் பல சொற்கள் இன்றும் வீடுகளில் புழங்குகின்றன. ஆனால் நூலில் உள்ள பொருளும், வீட்டில் சொல்லும் பொருளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சில சொற்களைப் பாருங்கள்.

மாந்தம்: நூல்படி செரியாமையால் வருகிற கோளாறு. பால் மாந்தம், செரியா மாந்தம் என்று வகை பிரிப்போம். வீட்டில் சொல்லும்போதோ வாந்தியும் மாந்தம், வயிறு உப்புவதும் மாந்தம், பேதியும் மாந்தம். சில சமயம் வலிப்பையும் மாந்தம் என்றே சொல்லிவிடுவார்கள். "மாந்தம்னு ஒண்ணும் கிடையாது" என்று டாக்டர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. "மாந்தம்னா பிள்ளைக்கு என்னென்ன பண்ணுது?" என்று கேட்டால் நோயின் முழுக் கதையும் கிடைக்கும்.

அம்மை: சின்னம்மையும் அம்மை, தட்டம்மையும் அம்மை, பொன்னுக்கு வீங்கியும் புட்டாளம்மை. தட்டம்மையில் நிமோனியா வரலாம், கண் கெடலாம். அந்தக் குழந்தைக்கு வைட்டமின் ஏ மருந்து அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்க வேண்டும். 'தாயி வந்திருக்கா' என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அது தவறிப்போகும். வேப்பிலை கட்டுவதை டாக்டர் கேலி செய்தால் அடுத்த முறை ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டார்கள். "வேப்பிலை இருக்கட்டும்மா. மூச்சையும் கண்ணையும் மட்டும் நான் ஒரு தடவை பாத்துடறேன்" என்பதுதான் பேசும் விதம்.

உச்சி விழுந்துடுச்சு: கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருப்பது. ஊரில் இதைத் தனி நோயாக நினைத்து உச்சியில் எண்ணெய் வைப்பார்கள். டாக்டருக்கு இது உடம்பில் நீர் வற்றிப்போனதற்கான அடையாளம். இருவரும் பார்ப்பது ஒரே குழியைத்தான்! பாட்டியின் கண் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டது. அதைப் பாராட்டிவிட்டு, "எண்ணெய் மேல இருக்கட்டும், தண்ணி உள்ள போகணும்" என்று உப்பு சர்க்கரைக் கரைசலைக் கையில் கொடுக்க வேண்டும்.

உரம் விழுந்துடுச்சு: தூக்கினாலே குழந்தை வீறிட்டு அழுவது. சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பார்கள். பெரும்பாலும் சாதாரண அழுகைதான். ஆனால் காய்ச்சலும் சேர்ந்து, கழுத்து விறைத்து, குழந்தை அழுதால் அது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது உருட்டக்கூடாது, ஓட வேண்டும்.

வெளிய போகுது: வயிற்றுப்போக்கு. புதுசாக வந்த வெளிமாநில டாக்டர் 'குழந்தை வெளியே விளையாடப் போகிறது' என்று எண்ணிவிட்டால் என்ன ஆவது?

இந்த அகராதியை யார் சொல்லிக்கொடுப்பது? கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், அந்த ஊர்ப் பாட்டிமார்கள். வீடு வீடாகப் போய் வருபவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு. பயிற்சி டாக்டர் அந்த அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம்

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. கலிபோர்னியாவில் மெர்செட் என்ற ஊர். லாவோஸ் நாட்டிலிருந்து அகதிகளாகப் போன மோங் இனக் குடும்பத்தில் 1982-ல் லியா லீ என்ற பெண் குழந்தை பிறந்தது. சில மாதங்களிலேயே வலிப்பு ஆரம்பித்தது. டாக்டர்களுக்கு அது மூளை நோய். பெற்றோருக்கோ குழந்தையின் ஆன்மா பயந்து விலகிப்போனதால் வந்த நோய். டாக்டர்கள் மருந்தையும் அளவையும் பல முறை மாற்றினார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது, சீட்டைப் படிக்கவும் வராது. சரியான மொழிபெயர்ப்பாளரும் எப்போதும் கிடைக்கவில்லை. மருந்து ஒழுங்காகப் போகவில்லை என்று சொல்லி, குழந்தையைக் கொஞ்ச காலம் பெற்றோரிடமிருந்தே பிரித்து வைத்தார்கள். 1986-ல் கடுமையான வலிப்பும், கூடவே கிருமித் தொற்றும் வந்து குழந்தையின் மூளை செயலிழந்தது. பெற்றோர் அவளை வீட்டிலேயே கண்ணும் கருத்துமாக வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 2012-ல் லியா காலமானாள்.

ஆன் ஃபாடிமன் என்ற எழுத்தாளர் 1997-ல் இந்தக் கதையைப் புத்தகமாக எழுதினார். அமெரிக்காவின் பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அதில் மனசை உறுத்துகிற விஷயம் என்ன தெரியுமா? அந்தக் கதையில் வில்லனே இல்லை. டாக்டர்கள் கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள். பெற்றோர் பாசக்காரர்கள். இரண்டு தரப்பும் குழந்தை பிழைக்க வேண்டும் என்றுதான் பாடுபட்டார்கள். ஆனால் ஒருவர் மனசில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியவே இல்லை.

ஆர்தர் க்ளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1978-லேயே தன் சக ஆய்வாளர்களோடு இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார். நோயாளியிடம் டாக்டர் சில கேள்விகள் கேட்க வேண்டும். அவற்றின் சாரத்தை நம் பாஷையில் சொன்னால்: இதுக்கு நீங்க என்ன பேர் சொல்வீங்க? எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? ஏன் இப்ப வந்துச்சு? இதுல உங்களுக்கு ரொம்பப் பயம் எதுல? என்ன மருந்து குடுத்தா சரியாகும்னு எதிர்பாக்கறீங்க? ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் பயம் வெளியே வந்துவிடும். பயம் வெளியே வந்தால்தான் மருந்து உள்ளே போகும்.

கேள், பாராட்டு, சொல், சரிபார்

குழந்தை நோய்களுக்கான ஒருங்கிணைந்த சிகிச்சை முறை ஒன்றை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1990-களில் உருவாக்கின. இந்தியாவில் பிறந்த சிசுக்களையும் சேர்த்து அதை நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். அதில் தாயிடம் பேசுவதற்கே நாலு படி வைத்திருக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டும். பிறகு அவர்கள் சரியாகச் செய்ததைப் பாராட்ட வேண்டும். அப்புறம்தான் யோசனை சொல்ல வேண்டும். கடைசியில் புரிந்ததா என்று சரிபார்க்க வேண்டும். அவசரக்கார டாக்டர்கள் நேராக மூன்றாம் படியில் ஏறி நிற்பார்கள்!

நல்ல பயிற்சி பெற்ற டாக்டரின் பேச்சு எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி காட்டுகிறேன்.

"பாட்டிம்மா, பேதி எப்பலேருந்து?"

"நேத்து விடியக்கால்லேருந்துங்க தம்பி. பல்லு மொளைக்குதுல்ல, அதான் மாந்தம்."

"வீட்ல என்ன குடுத்தீங்க?"

"கஞ்சித் தண்ணி குடுத்தேன். தாய்ப்பால நிறுத்திட்டோம், பால் சேராதுன்னு."

"கஞ்சித் தண்ணி குடுத்தது ரொம்ப நல்ல காரியம். அதனாலதான் பிள்ளை இந்த அளவுக்குத் தெம்பா இருக்கு. தாய்ப்பாலையும் நிறுத்தாம குடுக்கச் சொல்லுங்க, அதுவும் தண்ணி மாதிரிதான் காப்பாத்தும். இந்தா, இந்தப் பொட்டலத்த வீட்டுக்குப் போய் எப்படிக் கலக்குவீங்க? சொல்லிக் காட்டுங்க பாப்போம்."

"ஒரு டம்ளர்ல கொஞ்சம் போட்டு..."

"இல்ல பாட்டிம்மா. ஒரு லிட்டர் தண்ணியில பொட்டலம் முழுசையும் ஒரே தடவையில கொட்டிக் கலக்கணும்."

பார்த்தீர்களா? "புரிஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டிருந்தால் பாட்டி "சரிங்க" என்று சொல்லியிருப்பார். நம் ஊரில் 'சரிங்க' என்பது மரியாதை. புரிந்ததற்கு அது அத்தாட்சி இல்லை. சொல்லிக் காட்டச் சொன்னதால்தான் தப்பு தெரிந்தது. கரைசல் அதிகக் கெட்டியாகிவிட்டால் உப்பு கூடி, குழந்தைக்கு அதுவே கெடுதல்.

பாராட்டுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "பிள்ளை கொழுகொழுன்னு அழகா இருக்கே" என்று டாக்டர் அன்பாகச் சொன்னால் சில தாய்மார்களுக்கு முகம் மாறிவிடும். கண்ணேறு பட்டுவிடுமோ என்ற பயம். ஆகவே பிள்ளையின் அழகைப் பாராட்ட வேண்டாம். தாய் செய்த வேலையைப் பாராட்டலாம். அவள் முகம் மலரும், அந்தப் பழக்கமும் நிலைக்கும்.

எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது?

ஊர் வழக்கத்தை மதிப்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அர்த்தம் இல்லை. நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் என்பதால் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கெடுதல் இல்லாதவை: இடுப்பில் கறுப்புக் கயிறு, திருஷ்டி கழிப்பது, வாசலில் வேப்பிலை, பத்திரமாகச் செய்கிற எண்ணெய்க் குளியல். இவற்றில் டாக்டர் தலையிடவே வேண்டாம்.

கூடவே கூடாதவை: மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். சளிக்குக் கற்பூரம். தேங்காயெண்ணெயில் கலந்து தடவுவதே கைக்குழந்தைக்கு ஆகாது. கொஞ்சம் வாய்க்குள் போனாலும் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரலாம். நீலகிரித் தைலமும் அப்படித்தான். காமாலைக்கும் அழுகைக்கும் சூடு போடுவது. ஒரு வயசுக்குள் தேன். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணி, கழுதைப் பால். தொப்புளில் எதையாவது தடவுவது.

உரை மருந்து பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று கல்லில் உரைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். இவையெல்லாம் மருந்துச் சரக்குகள்தான். மருந்து என்பதால்தான் அளவு முக்கியம். சாதிக்காய் கூடினால் குழந்தை மயங்கித் தூங்கும். கல்லும் தண்ணியும் சுத்தமில்லை என்றால் பேதி வரும். முதல் 6 மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதுதான் என் யோசனை. அதற்குப் பிறகும் பதிவு பெற்ற சித்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். உலோகம் சேர்ந்த செந்தூரம், பற்பம் எதையும் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

இப்போது ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். சாதிக்காய் அதிகமாகிக் குழந்தை சோர்ந்து கிடக்கிறது. டாக்டர் "நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று முறைத்துக்கொண்டு கேட்கிறார். தாய் "இல்லைங்க" என்கிறாள். டாக்டர் மூளைக் காய்ச்சலோ என்று நினைத்து முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கிறார். அந்த ஒரு பொய்க்குக் குழந்தை கொடுத்த விலை அது. அதையே டாக்டர், "எல்லார் வீட்லயும் ஏதாவது கைவைத்தியம் பண்ணுவாங்க. நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும். கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

உங்கள் பங்கு என்ன?

டாக்டருக்கு மட்டும் பாடம் போதாது. தமிழ்நாட்டில் இன்று 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. டாக்டரிடம் போகத் தெரிந்துகொண்டோம். டாக்டரிடம் பேசத் தெரிந்துகொள்ள வேண்டாமா? இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். 'இழுப்பு', 'மாந்தம்' என்பதோடு நிறுத்தாமல் எப்போது, எத்தனை தடவை, எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். வலிப்பை செல்போனில் ஒருவர் படம் எடுத்து வைத்துக்கொண்டால் டாக்டருக்கு மிகவும் உதவும்.

2. கொடுத்த எல்லாவற்றையும் சொல்லுங்கள். கைவைத்தியம், கடை மாத்திரை, மந்திரித்தது உட்பட. பாட்டிலையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துப் போங்கள்.

3. பயத்தை மறைக்காதீர்கள். "எங்க வீட்ல ஒரு குழந்தை இப்படித்தான் போயிடுச்சு, அதான் பயமா இருக்கு" என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

4. கிளம்பும் முன் டாக்டர் சொன்னதை நீங்களே ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். ஸ்பூன் அளவு வீட்டுக்கு வீடு மாறும். மருந்தோடு வரும் மூடியில் எத்தனை மில்லி என்று கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. மொழி புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். "செவிலியரைக் கூப்பிடுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

கீழ்க்கண்டவை தெரிந்தால் எந்த வைத்தியத்துக்கும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி போங்கள். தேவைப்பட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்: குழந்தை பாலோ தண்ணீரோ குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது.

மூச்சை எண்ணவும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிஷம் வயிற்றைப் பார்த்து எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயசு வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் 5 வயசு வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேக மூச்சு. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுத்துவிட்டு நிற்கும்வரை காத்திருப்பதில் நேரம்தான் போகும்.

வயிற்றுப்போக்கில் 2 வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை கரைசல் கொடுங்கள். கூடவே டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் முழுக்கக் கொடுத்து முடியுங்கள்.

அடுத்த முறை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மீசை அரும்பிய ஒரு டாக்டர் தம்பியோ, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒரு டாக்டர் பெண்ணோ உட்கார்ந்திருந்தால், 'பெரிய டாக்டர் இல்லையா?' என்று முகம் சுளிக்காதீர்கள். பொறுமையாக உங்கள் வார்த்தையை அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். நாளைக்கு எந்த ஊருக்குப் போனாலும் அவர்கள் கேட்கப்போகும் நல்ல கேள்வி ஒன்றை நீங்கள் சொல்லிக்கொடுத்ததாக இருக்கட்டுமே.